காருக்கு ஒயில் மாற்றுவோம், கிணற்றையும் காப்போம்

தையல் மெஷினுக்கு ஒயில் விடுவது யார் என்று எந்த வீட்டிலும் கேட்க வேண்டியதில்லை. மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினாலே நமக்கு விளங்கிவிடும். சின்ன ஒயில் போத்தலை எடுத்து, எந்தத் துவாரத்தில் எத்தனை துளி விட வேண்டுமோ அத்தனை துளி விட்டு, சக்கரத்தை இரண்டு தடவை சுற்றி, பழைய துணியால் துடைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கிவிடுவோம். ஆனால் அதே வீட்டு முற்றத்தில் நிற்கும் கார் என்றால் மட்டும் கதை வேறு. "அது ஆம்பிளைகள் பார்க்கிற வேலை", "கராஜில் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் இன்று கார் ஓட்டும் சகோதரிகள் எத்தனை பேர்! பிள்ளைகளைப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோவது, வயதான பெற்றோரைக் களுபோவில ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது, வேலைக்குப் போய் வருவது எல்லாம் அவர்கள்தாம். கணவர் வெளிநாட்டில் இருப்பவர்களும், கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சேர்விஸ் ஸ்டேஷனில் பில்லை நீட்டும்போது, அதில் எழுதியிருப்பது உண்மையாகவே செய்யப்பட்டதா என்று கேட்கத் தெரியாமல் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

முன்பு கார் பழுதாகிப்போனால் விற்றுவிட்டு இன்னொன்றை எடுக்கலாம் என்ற நினைப்பாவது இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே கையில் இருக்கும் காரை இன்னும் பல வருடங்களுக்குக் காப்பாற்றுவது வீட்டுப் பொருளாதாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அதற்கு முதல் மருந்து, உரிய காலத்தில் மாற்றும் என்ஜின் ஒயில்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். முதல் தடவை இரண்டு மணித்தியாலம் எடுக்கும். பழகினால் ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் புதிய ஒயிலை ஊற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வடித்தெடுத்த கறுப்பு ஒயில் உரிய கைக்குப் போய்ச் சேரும்போதுதான் முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பெண்ணுக்கும் காருக்கும் உள்ள பழைய உறவு

கார் என்ற பொருள் மக்கள் கண்ணில் பட்ட காலத்திலேயே அதைத் திருத்தியவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பேர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கரக் காரை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து பொர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கிப் பூட்டுவித்தார். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில்! இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருடமான 1945இல், பின்னர் பிரித்தானிய மகாராணியான எலிசபெத், இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து லொறி ஓட்டவும் என்ஜின் திருத்தவும் பயிற்சி பெற்றார். எனவே ஸ்பனர் பிடிப்பது பெண்ணுக்குப் பொருந்தாது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

ஒயில் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உராய்கிறது. இடையில் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்கிறது. துரு பிடிக்காமலும் காக்கிறது.

மிளகாயும் அப்பளமும் பொரித்த எண்ணெய் கறுத்துப்போவதைத் தினமும் பார்க்கிறோம். என்ஜினிலும் அப்படித்தான். ஒயில் கறுப்பது ஓரளவுக்கு அது அழுக்கைச் சுமக்கிறது என்பதன் அடையாளம். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் அதில் கலந்துள்ள மருந்துப் பொருட்கள் குறைந்துபோகின்றன. அதற்குப் பிறகும் ஓடினால் ஒயில் கூழாகி, சிறு துவாரங்களை அடைத்து, கடைசியில் என்ஜினையே இறக்கிச் செய்ய வேண்டிய நிலை வரும். உள்ளே தேய்ந்து ஒயிலை எரிக்கத் தொடங்கிய என்ஜின் புகையும் கக்கும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

எப்போது மாற்றுவது?

உங்கள் காரின் கையேடு சொல்வதே முதல் விதி. உதாரணமாக, டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் சொல்லும் கணக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். கடினமான பாவனைக்கு அது பாதியாகி 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதமாகிறது.

கடினமான பாவனை என்றால் மலையேறுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலை ஏழரை மணிக்குத் தெஹிவளைச் சந்தியிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் நின்று நின்று போவதும் கடினமான பாவனைதான். இரண்டு கிலோமீற்றர் ஓடி, என்ஜின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் பயணங்களும் அப்படியே. அத்தகைய ஓட்டத்தில் எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. அதனால்தான் இங்கே பல சேர்விஸ் ஸ்டேஷன்களில் 5,000 கிலோமீற்றர் என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். குறைவாக ஓடும் காரென்றாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

எந்த ஒயில், எத்தனை லீற்றர்?

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம், இலக்கங்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற எழுத்துகளைத் தேடுங்கள். பல கார்களில் ஒயில் ஊற்றும் மூடியின் மேலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும்.

இதன் பொருள் எளியது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதையும் காட்டுகின்றன. நுவரெலியா சென்ற தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். தடிப்பு என்பது அதுதான். "எங்கள் நாடு சூடானது, தடித்த ஒயில்தான் நல்லது" என்று சிலர் 20டபிள்யூ-50ஐ எல்லாக் காருக்கும் ஊற்றச் சொல்வார்கள். மெல்லிய ஒயிலுக்கென்று செய்யப்பட்ட புதிய என்ஜின்களுக்கு, குறிப்பாக ஹைபிரிட் கார்களுக்கு, அது பொருந்தாது.

அளவும் காருக்குக் கார் வேறுபடும். டொயோட்டா அக்ஸியோ, அலியன் கார்கள் பலவற்றில் உள்ள 1என்இசட்-எஃப்ஈ என்ற 1,500 சிசி என்ஜினுக்கு ஒயில் பில்டரோடு சேர்த்து மாற்றும்போது 3.7 லீற்றர் தேவை. பில்டரை மாற்றாவிட்டால் 3.4 லீற்றர். சிறிய சுசுகி கார்களுக்கு இதைவிடக் குறைவு. நான்கு லீற்றர் கான் வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் ஊற்றிவிடக் கூடாது.

ஒயிலும் பில்டரும் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ, பில் தரும் நம்பிக்கையான கடையிலோ வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்குவதென்றால் பழைய பில்டரின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். கானின் மூடி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

ஒயில், பில்டர், வடிக்கும் நட்டுக்குப் புதிய வாஷர் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வடிக்கும் நட்டைக் கழற்ற ஒரு ரிங் ஸ்பனர் வேண்டும். டொயோட்டா கார்களுக்குப் பெரும்பாலும் 14 மில்லிமீற்றர், ஹொண்டா, சுசுகி கார்களுக்குப் பெரும்பாலும் 17 மில்லிமீற்றர். பில்டர் கழற்றும் சாவி ஒன்று, ஆறு லீற்றராவது பிடிக்கும் அகன்ற பிளாஸ்டிக் பேசின், புனல், மூடியுள்ள வெறும் கான், ரப்பர் கையுறை, பழைய துணி, விரிப்பதற்குக் காட்போட் அட்டை, சிந்தினால் தூவ மரத்தூள் அல்லது மணல். இவற்றோடு காரை உயர்த்தும் ஜக், ஜக் ஸ்டாண்ட் எனப்படும் இரும்புத் தாங்கிகள் இரண்டு, சக்கரத்துக்கு அடை வைக்க மரக்கட்டைகள் இரண்டு. அந்தப் பேசினையும் புனலையும் இனிச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

உயிருக்கு மேல் ஒன்றும் இல்லை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள், சகோதரிகளே. ஜக் காரை உயர்த்துவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பார்க்க உறுதியாக இருந்தாலும் பாரத்தில் திடீரென்று நொறுங்கும். இரும்புத் தாங்கி இல்லையென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

நிலம் மட்டமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஒழுங்கை ஓரத்திலும் சரிவிலும் மண் தரையிலும் செய்யக் கூடாது. தொடர்மாடியில் இருப்பவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே வைத்துவிட்டு, வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இதில் இறங்க வேண்டாம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. காரின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் என்ஜின் சத்தமில்லாமல் நின்றிருந்து திடீரென்று தானாக ஓடத் தொடங்கும். சுவிட்சை முற்றாக நிறுத்தி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம்

1. என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இலகுவாக வடியும். நீண்ட பயணம் போய் வந்தவுடன் செய்தால் கை பொசுங்கும், ஆறவிடுங்கள்.

2. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஓட்டோ கியர் என்றால் 'பி'யில் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை அடை கொடுங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜக்கை வைத்து முன்பக்கத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் தாங்கிகளை வைத்து, காரை மெதுவாக அவற்றின் மேல் இறக்குங்கள். அடியில் போகுமுன் காரைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். அசையக் கூடாது.

3. பொனட்டைத் திறந்து, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். காற்று போனால் ஒயில் சீராக வடியும்.

4. என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியில்தான் வடிக்கும் நட் இருக்கும். கராஜில் இதைச் 'சம்ப் நட்' என்பார்கள். இங்கேதான் கவனம் தேவை. கியர் பெட்டிக்கும் இப்படியொரு நட் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அதைக் கழற்றிவிடுவதுண்டு. என்ஜின் ஒயில் கறுப்பாக அல்லது மண்ணிறமாக வரும். சிவப்பாகவோ தெளிந்த நிறத்திலோ வந்தால் உடனே நட்டை இறுக்குங்கள். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

5. பேசினை வைத்து, நட்டை இடப்பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றிச் சட்டென்று கையை எடுத்துவிடுங்கள். ஒயில் முதலில் வேகமாகப் பாயும். பதினைந்து நிமிடம் துளித்துளியாக வடியவிடுங்கள்.

6. நட்டைத் துடைத்துப் புதிய வாஷரைப் போட்டு, முதலில் விரலாலேயே பூட்டுங்கள். விரலுக்கு இலகுவாகச் சுற்றாவிட்டால் புரி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மீண்டும் வையுங்கள். பிறகு ஸ்பனரால் அளவாக இறுக்குங்கள். இறுக்கம் அளக்கும் ஸ்பனர் இருந்தால் பல ஜப்பானிய கார்களுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீற்றர். முழுப் பலத்தையும் காட்டினால் அலுமினியத் தொட்டியின் புரி அழிந்துவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல ஒயில் மாற்றத்துக்குச் சமம்.

7. பில்டருக்குக் கீழே பேசினை நகர்த்தி அதைக் கழற்றுங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் பூட்டினால் ஒயில் முழுவதும் வழியில் ஒழுகிவிடும். புதிய வளையத்தில் புது ஒயிலை விரலால் தடவி, கையால் பூட்டுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும்.

8. காரைத் தாங்கியிலிருந்து இறக்குங்கள். சொல்லப்பட்ட அளவில் அரை லீற்றர் குறைவாகப் புனலால் ஊற்றி மூடியைப் பூட்டுங்கள். என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சிவப்பு ஒயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

9. என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி இழுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையில், மேல் குறியை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் குறியைத் தாண்டினால் ஒயில் நுரைத்து என்ஜினுக்குக் கெடுதல் செய்யும்.

10. திகதியையும் கிலோமீற்றர் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தக் கொப்பிக்கும் ஒரு மதிப்பு உண்டு.

காருக்கு அடியில் போக விருப்பமில்லாதவர்களுக்கு, ஒயில் கம்பி போகும் குழாய் வழியாகவே மேலிருந்து உறிஞ்சி எடுக்கும் கைப் பம்பும் கிடைக்கிறது. ஆனால் பல கார்களில் பில்டரைக் கழற்றக் கீழேதான் போக வேண்டும்.

கறுப்பு ஒயில் எங்கே போகிறது?

இப்போது பேசினில் மூன்று, நான்கு லீற்றர் கறுப்பு ஒயில் இருக்கிறது. "வாசல் கானில் ஊற்றினால் மழைக்குப் போய்விடும்" என்று சொல்லும் ஒருவர் எந்த ஒழுங்கையிலும் இருப்பார். உண்மைதான், போய்விடும். ஆனால் எங்கே?

தெஹிவளையின் கான்கள் கால்வாயில் சேர்கின்றன. கால்வாய் ஒரு பக்கம் கடலுக்குப் போகிறது. கரையில் வலை காயவைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் கடல் அது. மறுபக்கம் அத்திடிய சதுப்பு நிலம். பெல்லன்வில - அத்திடிய பகுதி 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர் வெரஸ் கங்கை வழியாகப் பொல்கொடை வாவியோடு தொடர்புபட்டது. அங்குள்ள கொக்கும் நாரையும் மீனும் நமது பேசினுக்குப் பதில் சொல்ல வேண்டியவையா?

ஒரே ஒரு கார் ஒயில் மாற்றத்தில் வரும் கழிவு பத்து லட்சம் கலன் நன்னீரைப் பழுதாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எச்சரிக்கிறது. பாவித்த ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்ததில் உண்டான நச்சுப் பொருட்களும் சேர்ந்திருக்கும். ஆய்வுகூட எலிகளின் தோலில் அதைத் தொடர்ந்து பூசியபோது தோல் புற்றுநோய் உண்டாகியது. அதனால்தான் கையுறை அவசியம். தோலில் பட்டால் பெற்றோலால் துடைக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நம் ஊர்களில் இந்த ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசுவார்கள், நுளம்பு பெருகாமல் இருக்கத் தேங்கிய தண்ணீரில் ஊற்றுவார்கள், விறகு பற்றவைக்கவும் எடுப்பார்கள். மூன்றும் ஆபத்தானவை. கட்டையில் பூசியது மழையில் கழுவுண்டு மண்ணுக்குப் போகும். அடுப்பில் எரித்தால் அதன் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் நாமேதான். நுளம்புக்கு மருந்து, தண்ணீரைத் தேங்கவிடாமல் கொட்டிவிடுவது. வேலை முடிந்த பேசினையும் வெளியில் மழை நீர் தேங்க விட்டுவிடாதீர்கள்.

சுன்னாகம் சொல்லும் பாடம்

எண்ணெய் நிலத்தடி நீரில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம்மவர்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அது கார் ஒயில் அல்ல, மின் உற்பத்தியோடு வந்த எண்ணெய்க் கழிவு. ஆனால் கிணற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது. மேலே விட்டது இலகுவாக உள்ளே இறங்கும். இறங்கியது ஒரு வளவோடு நிற்காது. தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்த கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்தபோது, குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தோடும் வாளியோடும் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் மக்கள் வீதிக்கு வந்து குரல் கொடுத்தார்கள். அடிப்படை உரிமை வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு பெரிய விடயம்தான். ஆனால் எந்த நட்டஈட்டாலும் ஒரு கிணற்றைக் கழுவிப் பழைய கிணறாக்க முடியாது. தெஹிவளையிலும் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களில் கிணற்றை நம்பும் வீடுகள் உண்டு. நமது வளவின் மூலையில் ஊற்றுவது பக்கத்து வீட்டு வாளியில் வரலாம்.

என்ன செய்யலாம்?

ஆறிய ஒயிலைப் புனலால் வெறும் கானில் ஊற்றி மூடியை இறுக்குங்கள். அதோடு தண்ணீர், பெற்றோல், பிரேக் ஒயில், பெயின்ட் எதையும் கலக்க வேண்டாம். கலந்தால் யாருக்கும் உதவாது. பழைய பில்டரை வாய்ப்பக்கம் கீழாக ஓர் இரவு பேசினில் வைத்து வடித்து, பொலித்தீன் பையில் கட்டுங்கள். கானின் மேல் 'பழைய ஒயில்' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிறகு, பழைய ஒயிலைச் சேர்த்துக் கொடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். ஒயில் வாங்கும்போதே, "பழையதைக் கொண்டுவந்தால் எடுப்பீர்களா? யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது. ஒயில் தேய்ந்து இல்லாமல் போவதில்லை, அழுக்காகிறது. முறையாகச் சுத்திகரித்தால் மீண்டும் பாவிக்கலாம். புத்தளத்துச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் 1,400 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கழிவுகளை எரித்து அழிக்கும் ஏற்பாடும் நாட்டில் இருக்கிறது. அடுப்பில் எரிப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சூடுதான். பழைய ஒயிலை எடுக்கும் இடம் கிடைக்கவில்லையா? அப்படியென்றால் ஒயில் மாற்றுவதை அங்கேயே செய்துகொள்வதுதான் நேர்மையான வழி.

கீழே சிந்தியிருந்தால் தண்ணீர் அடிக்காமல் மரத்தூள் தூவி, ஊறிய பின் கூட்டி அள்ளுங்கள். புதிய ஒயில் வந்த வெறும் கானை முழுதாக எறியாமல் வெட்டிவிட்டு எறிந்தால், அதில் போலி ஒயில் நிரப்பி விற்பவர்களுக்கு நாம் உதவி செய்யாமல் இருப்போம்.

சேர்விஸ் ஸ்டேஷனுக்கே போகிறவர்களுக்கு

இதை வாசித்த எல்லோரும் நாளைக்கே காருக்கு அடியில் படுக்க வேண்டும் என்பதில்லை. முதுகு வலி உள்ளவர்கள், இடவசதி இல்லாதவர்கள், கம்பனி உத்தரவாதம் முடியாத புதிய கார் வைத்திருப்பவர்கள் வழக்கம்போலச் செய்யலாம். ஆனால் அறிந்துகொண்டவரின் பேச்சு வேறு விதமாக இருக்கும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, மரியாதையாக, தயங்காமல் கேளுங்கள்:

"தம்பி, எந்த இலக்க ஒயில் போடுகிறீர்கள்? கானின் முத்திரையை எனக்கு முன்னால் உடையுங்கள்."

"எத்தனை லீற்றர் போகும்? மிச்சத்தைக் காருக்குள் வைத்துவிடுங்கள்."

"கழற்றிய பில்டரைக் காட்டுங்கள். வாஷரும் மாற்றினீர்களா?"

"பழைய ஒயிலை எங்கே சேர்க்கிறீர்கள்?"

நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். சந்தோஷமாகக் காட்டித் தருவார். முகம் சுளிக்கும் இடத்துக்கு அடுத்த தடவை போகாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. புறப்படும் முன் கம்பியை இழுத்து மட்டத்தை நீங்களே பாருங்கள்.

மகள்மாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். இட்டலி மாவு புளித்துவிட்டதா என்று பார்க்கப் பழக்குவது போல, ஒயில் மட்டம் பார்க்கவும் பழக்குவோம். நாளைக்கு அவர்கள் கண்டியிலோ கனடாவிலோ தனியாக இருக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இன்றைக்கு ஸ்பனர் வேண்டாம், ஜக் வேண்டாம். நாளைக் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பொனட்டைத் திறந்து, அந்தக் கம்பியை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒயில் கீழ்க் குறிக்கும் கீழே நின்றால், அதைக் கண்டுபிடித்தது நீங்கள். உங்கள் காரைக் காப்பாற்றியதும் நீங்கள்தான்.